செய்தித்தாளின் வலது ஓரம்

ஒரு லென்ஸைக் கேமராவில் மாட்டி ஒரே ஒரு படம் எடுத்துப் பார்த்தால் போதும், அதற்கு என்ன கேடு என்று என் அக்கா சொல்லிவிடுவாள். ஊரே அந்தத் திறமையைப் புகழும். எனக்கு மட்டும் அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. அந்தத் திறமைதான் அவள் புருஷனை, என் மாமாவைக் கொண்டுபோனது. டாக்டர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். அக்காவிடம் நான் இதை ஒருநாளும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். அவளே ராப்பகலாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள், நான் வேறு சொல்லணுமா?

அக்காவின் கடையைக் கடை என்று சொன்னால் மற்ற கடைகள் கோபித்துக்கொள்ளும். வீட்டு முன்னறைதான் கடை. சுவரெல்லாம் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி, உள்ளே குட்டையும் நெட்டையுமாக லென்ஸ்கள். பழையதை வாங்கி விற்பாள், நல்லதை வாடகைக்கு விடுவாள். நான் மாடியில் குடியிருக்கிறேன். எனக்குத் தொலைபேசியில் புகார் கேட்கும் வேலை. நாள் முழுக்க ஊரார் திட்டைக் காதில் வாங்கிவிட்டு வந்தால், கீழே இவள் யாருக்காவது லென்ஸ் பாடம் எடுத்துக்கொண்டிருப்பாள். போதாக்குறைக்கு என்னையும் உட்காரவைத்துக் கேட்கச் சொல்வாள். அதனால் லென்ஸைப் பற்றி எனக்கும் நாலு விஷயம் தெரியும், தெரியாமல் இருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"கேமரா வாங்கறது கல்யாணம் பண்ற மாதிரி. லென்ஸ் வாங்க ஆரம்பிச்சாத்தான் குடித்தனம்" என்பாள் அக்கா. லென்ஸைக் கழற்றி மாட்டும் கேமராவை ஆசையாக வாங்கியவர்கள், எந்த லென்ஸ் வாங்குவது என்று தெரியாமல் முழிபிதுங்கி இவளிடம்தான் வந்து நிற்பார்கள். வருகிறவர்கள் எல்லாருக்கும் அலமாரியில் இருப்பதிலேயே நீளமானதுதான் வேண்டும். இவள் அதை எடுக்கவே மாட்டாள். "எதை எடுக்கப் போறீங்க? எவ்வளவு தூரத்துல நிப்பீங்க?" என்று கேட்பாள். அது இரண்டும் தெரியாமல் ஒரு லென்ஸையும் தொடவிட மாட்டாள்.

இப்படித்தான் ஒரு ஆபீஸ்காரர், தன் கைக்குழந்தையைப் படமெடுக்க அந்த நீள லென்ஸ்தான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றார்.

"தாராளமா எடுக்கலாம் சார். குழந்தை வீட்டுல இருக்கட்டும், நீங்க எதிர்வீட்டு மாடிக்குப் போயிடுங்க" என்றாள் அக்கா.

அவர் சிரித்துவிட்டு, கடைசியில் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு லென்ஸோடு போனார். போகும்முன் எல்லாரும் கேட்கிற கேள்வியை அவரும் கேட்டார். "நம்ம கை நடுங்கினாலும் படம் நடுங்காதுன்னு ஒரு லென்ஸ் இருக்காமே?"

"இருக்கு சார். ஆனா அது உங்க கை நடுக்கத்தைத்தான் பாத்துக்கும். எதிர்ல இருக்கறவங்க ஆடினா அதுக்கு ஒண்ணும் தெரியாது."

இந்தப் பதிலை அவள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள் என்பதற்குக் கணக்கே இல்லை. அதே வார்த்தை, அதே ராகம். நான் மாடிப்படியில் நின்று அவள் குரலிலேயே கூடச் சொல்லி வெறுப்பேற்றுவேன். மாமா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். வாயால் சொன்னாளே தவிர, ஐயோ, ஒருநாளாவது தன் காதால் கேட்டிருக்கக் கூடாதா?

மாமா பஸ் டிரைவர். பெரிய உருவம், பெரிய கை. தளும்பத் தளும்பத் தேநீர் ஊற்றிய டம்ளரை மாடிவரை கொண்டுவந்து ஒரு சொட்டுச் சிந்தாமல் என் முன்னால் வைப்பார். "பஸ்ஸுல நிக்கற ஆளு கம்பியைப் புடிக்காமலே நிக்கணும். அதுதான் டிரைவிங்" என்று பெருமையடிப்பார். அவருக்கு இருந்த ஒரே பெருமை அதுதான்.

வாடகைக்குப் போன லென்ஸ் திரும்பி வந்ததும் அக்கா அதைச் சோதிப்பாள். அதற்குப் பொடி எழுத்து நிறைந்த, தட்டையான ஏதாவது ஒன்று எதிரில் இருக்க வேண்டும். முதலில் செய்தித்தாளை விரித்துச் சுவரில் ஒட்டிப் பார்த்தாள். அலமாரி இல்லாத ஒரே சுவர் ஜன்னல் பக்கத்துச் சுவர், அது ஓயாமல் ஓதம் அடித்து ஈரமாகவே இருக்கும், காகிதம் நிற்காது. "நான் புடிச்சிக்கறேன், குடு" என்றார் மாமா. அன்றிலிருந்து சுவருக்குப் பதிலாகப் புருஷன் என்று ஆகிவிட்டது. வேலை முடிந்து வந்ததும் ஜன்னலோரக் கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு முழங்கையையும் அழுத்தி ஊன்றிக்கொண்டு, செய்தித்தாளை விறைப்பாக விரித்து முகத்துக்கு முன்னால் பிடிப்பார். இவள் முக்காலியில் கேமராவை நிறுத்திப் படம் எடுப்பாள். அவள் பக்கம் முதல் பக்கம், அவர் பக்கம் கடைசிப் பக்கம். அதை அவர் வாசித்துக்காட்டுவார்.

"ஐம்பது வயசுல ஒருத்தன் காதலிச்சு ஓடிட்டானாம்."

"நீங்களும் ஓடுங்க. படம் எடுத்து முடிச்சதும் ஓடுங்க. இப்ப அசையாதீங்க."

"மூச்சு விடலாமா?"

"கொஞ்சமா விடுங்க."

பார்க்கிற எனக்குச் சில நாள் எரிச்சலாக இருக்கும், சில நாள் பொறாமையாக இருக்கும். அவர்கள் இருவரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து பேசிக்கொள்வது அந்த நேரத்தில்தான்.

எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நாலு மூலையையும் பார்ப்பாள். எல்லா மூலையிலும் எழுத்து பளிச்சென்று தெரிந்தால் லென்ஸ் நல்ல லென்ஸ். ஒரு பக்கம் மட்டும் எழுத்து கலங்கியிருந்தால் உள்ளே ஒரு கண்ணாடி சாய்ந்துவிட்டது, யாரோ கீழே போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அவள் தொழிலில் அது கல்வெட்டு மாதிரி, மாறாது.

மழைக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், கல்யாண வீடுகளில் படமெடுக்கும் பெண் ஒருத்தி வாடகைக்கு எடுத்துப்போன லென்ஸைத் திருப்பிக் கொண்டுவந்தாள். வாய் அகலமான, விலை கூடிய லென்ஸ், குறைந்த வெளிச்சத்திலும் படம் பிடிக்கும். அக்கா அவளை உட்காரவைத்துவிட்டு, வழக்கம்போல மாமாவைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தாள். படத்தில் செய்தித்தாளின் வலது ஓரம் முழுக்க எழுத்து இழுத்துவிட்ட மை மாதிரி இருந்தது.

"கீழ போட்டிருக்கே" என்றாள் அக்கா.

"சத்தியமா இல்லக்கா. பையை விட்டு வெளியே எடுத்தா கழுத்துலதான் மாட்டியிருந்தேன்."

"அப்ப கழுத்தோட சேத்துக் கீழ விழுந்திருக்கே."

அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். அக்கா அசைந்துகொடுக்கவில்லை. லென்ஸ் விஷயத்தில் அவளுக்குப் பெற்ற தாயும் ஒன்றுதான், பிறத்தியாரும் ஒன்றுதான். மாமாதான் தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "விடும்மா. அந்தப் பொண்ணு பொய் சொல்ற மாதிரி தெரியல" என்றார். "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று அவர் வாயை அடைத்தாள். அந்தப் பெண் முன்பணத்தை விட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

கொஞ்ச நாளில் இன்னொரு லென்ஸ் வந்தது. அதிலும் அதே வலது ஓரம். பிறகு இன்னொன்று. எல்லா லென்ஸும் ஒரே பக்கம் விழுந்திருக்குமா என்று அக்காவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. நல்ல மூளைதான், வேலை செய்தது. ஆனால் போன திசையைப் பாருங்கள். லென்ஸில் குற்றமில்லையென்றால் கேமராவில்தான் குற்றம், லென்ஸ் மாட்டுகிற வளையம் சாய்ந்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, கேமராவைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக்கிடம் ஓடினாள். மெக்கானிக் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "வளையம் நேராத்தான் இருக்குங்க. வேணும்னா உங்க மூக்குக்கண்ணாடியை மாத்திப் பாருங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அவரோடு ஒரு சண்டை. மறுபடி கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் வேண்டாவெறுப்பாக வாங்கி வைத்துக்கொண்டு நாளை இழுத்தடித்தார். மழைக்காலம் முழுக்க இதே கூத்துதான்.

அந்த நாட்களில் மாமா டம்ளரில் பாதிதான் தேநீர் ஊற்றிக் கொண்டுவந்தார். சட்டையின் வலது கைப் பொத்தானை அக்காவைப் போடச் சொன்னார். ஒருநாள் சாப்பிடும்போது தட்டைப் பிடித்திருந்த இடதுகை நழுவித் தட்டு தரையில் விழுந்தது. "கியர் போட்டுப் போட்டு கை மரத்துப்போச்சு" என்றார். பஸ் ஓட்டுகிறவர் சொன்னால் நம்பத்தானே செய்வார்கள்? எல்லாரும் நம்பினோம்.

மழை விட்ட பிறகு ஒரு பகல் வேளை, எனக்கு வார விடுமுறை. கேமரா மெக்கானிக்கிடமிருந்து திரும்பி வந்திருந்தது. மாமா டூட்டியில் இருந்தார். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. செய்தித்தாளை ஒரு பலகையில் ஊசி குத்தி, மாமாவின் நாற்காலியில் சாய்த்து வைத்து, அந்தக் கல்யாணப் படமெடுக்கும் பெண் திருப்பித்தந்த லென்ஸையே மாட்டிப் படம் எடுத்தாள். கம்ப்யூட்டரைப் பார்த்ததும் ஒரு துள்ளுத் துள்ளினாள் பாருங்கள்!

"ஏய், இங்க வாடி! நாலு மூலையும் கல்லு மாதிரி நிக்குது! அந்த மனுஷன் வளையத்தைச் சரிபண்ணிட்டுத்தான் ஒண்ணுமில்லன்னு சொல்லியிருக்கான், திருட்டுப்பய!"

சந்தோஷத்தில் எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கணும் என்றாள். அவள் அப்படிச் சிரித்ததை நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

டூட்டி முடிந்து மாமா சீருடையோடு உள்ளே நுழைந்தார். "உக்காருங்க, உக்காருங்க, கேமரா சரியாயிடுச்சு! ஒரே ஒரு படம், அப்புறம் கை கால் கழுவிக்கலாம்" என்று அவரை இழுத்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"அதான் சரியாயிடுச்சேம்மா. இன்னைக்கு வேணாமே" என்றார் மாமா.

"நீங்க புடிச்சாத்தான் எனக்குத் திருப்தி."

மாமா தாளை விரித்துப் பிடித்தார். கடைசிப் பக்கத்தை வாசிக்கவில்லை. அக்கா படம் எடுத்தாள், கம்ப்யூட்டரில் போட்டாள், பெரிதாக்கினாள். வலது ஓரம் கலங்கியிருந்தது.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ஃபேன் ஓடுதா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா."

"ஜன்னல்?"

"சாத்தியிருக்கு."

அந்த அறையில் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. காகிதம் மெல்லச் சரசரக்கிற சத்தம். அக்கா தலையைத் தூக்கினாள். மாமா இன்னும் தாளைப் பிடித்துக்கொண்டிருந்தார். நமக்கு வலது ஓரமென்றால் அதைப் பிடித்திருப்பவருக்கு இடதுகை. அந்த ஓரம் மட்டும் துடித்துக்கொண்டே இருந்தது. மற்ற ஓரம் ஆடவில்லை, அசையவில்லை.

அக்கா எழுந்துபோய்த் தாளை அவர் கையிலிருந்து வாங்கினாள். வாங்கிய பிறகும் அந்தக் கை நாற்காலிக் கையின் மேல் துடித்துக்கொண்டிருந்தது. அவள் தன் இரண்டு கையாலும் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் எடுக்கிற படத்தில் எல்லாம் தெளிவாகவே தெரிந்தது. தலைக்குள் வலது பக்கம் கட்டி. டாக்டர் நிதானமான மனுஷி. "கை எப்பலேருந்து நடுங்குது?" என்று கேட்டார்.

"ஒரு பத்து நாளா" என்றார் மாமா.

"இல்ல" என்றாள் அக்கா. "மழைக்கு முன்னாடியேருந்து. ஒரு பொண்ணு லென்ஸ் திருப்பிக் கொடுக்க வந்த அன்னைக்கு நல்லாவே நடுங்கிச்சு. எங்கிட்ட படம் இருக்கு."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா விளக்கவும் இல்லை. "அப்பவே வந்திருந்தா?" என்று மட்டும் கேட்டாள். "இப்ப நடக்கவேண்டியதைப் பாக்கலாம்மா" என்றார் டாக்டர். புகார் கேட்டுக் கேட்டுப் பழகின காது எனக்கு. அப்போது வந்திருந்தாலும் இதேதான் என்று அடித்துச் சொல்ல முடியாதவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

தலையைத் திறந்து முடிந்தவரை எடுத்தார்கள், முழுசாக எடுக்க முடியவில்லை. மாமா கட்டுப்போட்ட தலையோடு படுத்திருந்தபோது ஒருநாள் தானாகவே சொன்னார்.

"எனக்குத் தெரியும்மா. பேப்பர் சத்தம் என் மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டேதான இருந்துச்சு. நீ லென்ஸுன்னு சொன்னே. சரி, லென்ஸாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன். கை ஆடுதுன்னு சொன்னா ஸ்டியரிங்கை வாங்கிடுவாங்க. வேற எனக்கு என்ன தெரியும், சொல்லு?"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மனுஷனைக் கட்டிலோடு தூக்கிப் போட்டிருப்பேன். பஸ் நிறைய ஜனங்களை வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறாரே, பாவி! ஆனால் அக்கா கோபப்படவில்லை. அவர் நெற்றியைத் துடைத்துவிட்டபடி, "நீங்க சொல்லாட்டி என்ன? பாக்கறதுதான என் வேலை" என்றாள்.

வீட்டுக்கு அழைத்துவந்த பிறகு அவர் இடதுபக்கம் கை, கால் என்று ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டே வந்தது. ஒரு காலையில் தெளிவாக இருந்தார். "என்னை ஒரு படம் எடேன். பேப்பர் இல்லாம" என்றார். அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது. அத்தனை வருஷப் படங்களிலும் மாமா இருக்கிறார், ஒன்றில்கூட முகம் இல்லை. தாளுக்கு மேலே கொஞ்சம் முடி, இரண்டு ஓரத்திலும் நாலு நாலு விரல், அவ்வளவுதான்.

அக்கா அலமாரி முன்னால் போய் நின்றாள். யார் எதைக் கேட்டாலும் பட்டென்று ஒன்றை எடுத்து நீட்டுகிறவள், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எதையும் எடுக்காமல் நின்றாள். பிறகு, கல்யாணப் படமெடுக்கும் பெண் திருப்பித்தந்த அந்த லென்ஸை எடுத்து மாட்டினாள். சோதிக்கும்போது வாயைச் சுருக்கி நிதானமாக எடுப்பாள்; முழுசாகத் திறந்தால் வெளிச்சத்தை நிறைய வாங்குகிற லென்ஸ் என்பதால் கண் இமைக்கிற நேரத்தைவிடச் சீக்கிரமாகப் படம் பிடித்துவிடலாம், ஆடுகிற கைகூட நின்றாற்போல் விழும். அப்படித்தான் எடுத்தாள். படத்தில் மாமாவின் இடதுகை போர்வை மேல் சும்மா கிடந்தது, தூங்குகிறவர் கை மாதிரி.

"பாருங்க, ஆடவே இல்ல" என்று காட்டினாள்.

மாமா பார்த்தார். "அப்ப நாளைக்கே டூட்டிக்குப் போயிடலாம்" என்றார்.

அக்கா சிரித்துக்கொண்டே கேமராவை அவர் காலடியில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அங்கே குழாயைத் திறந்துவிட்டு அவள் அழுத சத்தம் மாமாவுக்கும் கேட்டிருக்கும், எனக்கும் கேட்டது. அடுத்த மழைக்காலத்துக்கு மாமா இல்லை.

அந்தக் கல்யாணப் படமெடுக்கும் பெண்ணை அக்கா கூப்பிட்டு, முன்பணத்தையும் கொடுத்து, அந்த லென்ஸையும் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அவள் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள், லென்ஸை வாங்காமல் போய்விட்டாள். கடையை அக்கா மறுபடி திறந்தாள். திறக்காவிட்டால் சாப்பிடுவது எப்படி? நாற்காலி அதே இடத்தில் கிடக்கிறது, அதில் இப்போது செய்தித்தாள் குத்திய பலகை உட்கார்ந்திருக்கிறது. எல்லா லென்ஸும் நாலு மூலையும் தெளிவாகத்தான் இருக்கின்றன.

போன வாரம் ஒருவர் வந்தார். நல்ல சட்டை, புதுக் கேமரா. தன் அம்மாவைப் படமெடுக்க வேண்டுமாம். வழக்கமான கேள்வியைக் கேட்டார். "நடுக்கம் தெரியாம எடுக்கற லென்ஸ் ஒண்ணு இருக்காமே?"

"இருக்கு சார். ஆனா அது உங்க கை நடுக்கத்தைத்தான் பாத்துக்கும்" என்றவள் அதோடு நிறுத்திக்கொண்டாள்.

"என் கை இல்லங்க. அம்மா கைதான் லேசா ஆடும். டம்ளரைப் புடிச்சா ஆடுது. அதுக்கு எது நல்லது?"

அக்கா கையிலிருந்த லென்ஸைக் கீழே வைத்தாள். "எவ்வளவு நாளா ஆடுது?"

"அதெல்லாம் வயசான கோளாறுங்க. நீங்க லென்ஸைச் சொல்லுங்க."

"ரெண்டு கையுமா, ஒரு கையா? டாக்டர்கிட்ட காட்டினீங்களா? இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க சார். லென்ஸ் அப்புறம் பாக்கலாம்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "நான் லென்ஸ் வாங்க வந்தேங்க" என்று கேமராவை எடுத்துக்கொண்டு எழுந்தார். அக்கா வாசல்வரை பின்னாலேயே போனாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன், உதறிவிட்டாள்.

"சார், அவங்க கையைப் பாருங்க சார்! படம் எடுக்காதீங்க, சும்மா பாருங்க!"

தெருவில் போனவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் திரும்பவில்லை. நேராக நடந்து, எதிர்ச்சாரியில் இருக்கும் பெரிய கேமராக் கடைக்குள் நுழைந்தார்.

அக்கா வாசற்படியில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிர்க்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் யாரோ அவருக்கு ஒவ்வொரு லென்ஸாக எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"யாராவது வந்து எங்கிட்ட சொல்லியிருந்தாலும், நானும் இப்படித்தான்டி போயிருப்பேன்" என்றாள் அக்கா.